வயலின், செலோ, குழல், கூட ஒரு லேப்டாப்: மேடையில் கோளாறு வந்தால் எங்கே தொடங்குவது

நாங்கள் நாலு பேர். வயலின், செலோ, புல்லாங்குழல், நாலாவதாக லேப்டாப்போடு நான். மற்ற மூவரும் வாசிக்கிற ஒலியை மைக்கில் வாங்கி, அந்த நொடியிலேயே அதை நீட்டியோ, உறைய வைத்தோ, சுருதி மாற்றியோ, துளித் துளியாகச் சிதறடித்தோ ஸ்பீக்கரில் திரும்ப விடுவது என் வேலை. இசை முழுக்கத் தாளில் எழுதியிருக்கும், என் பங்கும் எண் போட்டு அதிலேயே இருக்கும். பாளையங்கோட்டை, தென்காசி, அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று பள்ளிக்கூட ஹால், சர்ச் ஹால், கல்யாண மண்டபம், சில நேரம் வீட்டு மொட்டை மாடி, கிடைக்கிற இடத்தில் வாசிக்கிறோம். மின்சாரமும் மைக் செட்டும் அந்தந்த ஊரில் இருப்பதுதான். அதனால் அதே கோளாறுகள் ஊர் ஊராக எங்கள் பின்னாலேயே வருகின்றன. புதிதாக இதில் இறங்கியிருக்கும் பிள்ளைகள் கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னால் போன் போட்டு "அண்ணே, உய்ங்குங்குது, என்ன செய்ய?" என்று கேட்கும்போதெல்லாம் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு என்றதும் எல்லோர் கண்ணும் லேப்டாப் மேல்தான் போகும். கடைசியாகப் பார்க்க வேண்டிய இடம் அது. பிளக், ஒயர், மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக் ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுபோய்த் திரும்ப வெளியே விடும் சின்னப் பெட்டி), அப்புறம்தான் மென்பொருள். ஆள் வந்து உட்கார்ந்த பிறகு பேட்சை (ஒலியை எப்படி மாற்ற வேண்டும் என்று மென்பொருளில் நாம் அமைத்து வைத்திருப்பது) திறந்து மாற்றத் தொடங்கினால், இருக்கிற கோளாறோடு புதிதாக ஒன்று சேரும். எனக்கு அது மூன்று முறை நடந்திருக்கிறது.

## ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஓயாத இரைச்சல்

அதிகம் வருவது இதுதான், ஆபத்து ஒளிந்திருப்பதும் இதில்தான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த இரைச்சலின் சுருதியைக் கேளுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே இரைச்சல் 50-லும் அதன் இரட்டிப்பான 100-லும் நிற்கும். 100 என்பது ஐந்து கட்டை சுருதியின் ஷட்ஜத்துக்குக் கொஞ்சம் மேலே, அரைக் கட்டையில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி. செலோவின் மூன்றாவது தந்தி 98 ஹெர்ட்ஸ். அதைத் திறந்தபடி மெதுவாக இழுக்கச் சொல்லிக் காது கொடுங்கள். இரைச்சலோடு உரசி நொடிக்கு இரண்டு தரம் அலை அடித்தால் அது மின்சாரத்திலிருந்துதான் வருகிறது. ஜெனரேட்டரில் ஓடும்போது இரைச்சலின் சுருதியே ஏறி இறங்கும், அதுவும் அதே அடையாளம்தான்.

### லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கிறதா?

நின்றால் சார்ஜர்தான் காரணம். "விர்ர்" என்று மெலிதாக, மவுஸை நகர்த்தும்போது மாறுகிற சத்தமாக இருந்தாலும் அதேதான். பேட்டரி தாங்கும் என்றால் அந்தப் படைப்பு முடியும்வரை பேட்டரியிலேயே ஓட்டுங்கள், செலவில்லாத வழி. தாங்காது என்றால் இன்டர்ஃபேஸுக்கும் மிக்சருக்கும் நடுவே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (ஒலியை மட்டும் கடத்தி, இரண்டு பக்கத்து மின் இணைப்பையும் பிரித்து வைக்கும் சின்னப் பெட்டி) போடுங்கள். இரண்டு சேனலுக்கு ஒன்று வாங்கிப் பையில் போட்டுவிட்டால் வருடக்கணக்கில் உழைக்கும், நான் வாங்கியதிலேயே உருப்படியான சாமான் அதுதான்.

### பிடுங்கியும் நிற்கவில்லை

மிக்சரில் ஒவ்வொரு சேனலாக மூடுங்கள். ஒன்றை மூடினதும் நின்றால் அந்தச் சேனலின் ஒயர், இல்லாவிட்டால் அந்த மைக். ஒயரை மாற்றிப் பாருங்கள். வயலினில் ஒட்டும் பிக்கப்பிலிருந்து (மரத்தின் அதிர்வை நேராகப் பிடிக்கும் சின்ன வில்லை) சாதாரண கிட்டார் ஒயர் பதினைந்து அடி இழுத்திருந்தால் அது இரைச்சலைப் பிடிக்கத்தான் செய்யும், வாத்தியத்துக்குப் பக்கத்திலேயே டிஐ பாக்ஸை வைத்து அங்கிருந்து எக்ஸ்எல்ஆர் ஒயரில் (மைக்குக்குப் போடும் மூன்று பின் ஒயர்) கொண்டு போங்கள்.

எல்லாச் சேனலிலும் வந்தால் பிளக் பக்கம் திரும்புங்கள். போன வருடம் அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு மண்டபம். முக்கால் மணி நேரம் ஒயர் மாற்றிக் களைத்துப்போய்க் கடைசியில் மைக் செட்காரரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, மேடை லைனும் உங்க மிக்சர் லைனும் ஒரே இடத்துல இருந்தா வருது?"

"இல்ல தம்பி. மேடைக்குப் பந்தல்காரன் தனியா லைன் இழுத்திருக்கான். நமக்கு ஆபீஸ் ரூம் பிளக்கு."

"ரெண்டையும் ஒரே பெட்டியில மாட்டிப் பாப்பமா?"

அவர் ஒரு நீள எக்ஸ்டென்ஷன் பெட்டியை மேடையிலிருந்து மிக்சர் வரைக்கும் இழுத்துப் போட்டார். ஸ்விட்சைப் போட்டதும் ஹாலில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும்தான் இருந்தது. லேப்டாப், இன்டர்ஃபேஸ், மிக்சர், ஆம்ப்ளிஃபயர் நாலும் ஒரே பெட்டியிலிருந்து கரண்ட் எடுக்க வேண்டும், போன உடனே அண்ணாச்சியிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

"ம்ம்ம்" இல்லாமல் "ஸ்ர்ர்ர்" என்று கரகரத்தால் விளக்குகளைப் பாருங்கள். சீரியல் செட்டும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மரும் அப்படித்தான் அறுக்கும். ஒரு நிமிடம் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

### மைக்கைத் தொட்டால் சுர்ரென்கிறது

எங்கள் குழல்காரர் ஒருநாள் ஒத்திகையில் வாசித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று குழலை இறக்கி உதட்டைத் துடைத்தார். மைக்கின் கம்பி வலையில் உதடு பட்டபோது எறும்பு கடித்த மாதிரி இருந்ததாம். இரண்டு பின் உள்ள லேப்டாப் சார்ஜரில் இந்த மெல்லிய கசிவு உண்டு, சார்ஜரைக் கழற்றினால் போய்விடும். மூன்று பின் சார்ஜர் மாற்றுங்கள்.

சார்ஜரைக் கழற்றிய பிறகும் சுர்ரென்றால், இல்லை எறும்புக் கடியைவிட அதிகமாக இருந்தால், அந்த நிமிடமே எல்லாரையும் மேடையைவிட்டு இறக்கி மெயினை அணைக்கச் சொல்லுங்கள். இது எலக்ட்ரீஷியன் வேலை, நீங்கள் நோண்ட வேண்டாம். அவர் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பார்: பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட் அளவில் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. முதலாவது பாதியாகவோ சுழியமாகவோ காட்டினால் அந்தக் கட்டடத்தில் எர்த்தே வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. இரைச்சல் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. இரைச்சல் போகும்தான். ஆனால் கையில் தந்தியும் உதட்டில் மைக்குமாக ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். அப்படி உடைத்த பிளக்கைப் பார்த்தால் அதை மாற்றாமல் நான் வாசிக்க விடுவதில்லை, கச்சேரி நின்றாலும் சரி.

## மைக் கத்துகிறது

லேப்டாப்பிலிருந்து போகும் ஒலியை மட்டும் மூடுங்கள். கத்தல் நின்றுவிட்டதா, இல்லையா? இதில்தான் வழி இரண்டாகப் பிரிகிறது.

### நிற்கவில்லை

மைக்கும் ஸ்பீக்கரும் நின்ற இடம் சரியில்லை. ஸ்பீக்கரை மைக்குகளுக்கு முன்னால், சபையைப் பார்த்து நகர்த்துங்கள். மைக்கை வாத்தியத்துக்குப் பாதி தூரத்தில் கொண்டுபோனால் 6 டெசிபல் சும்மா கிடைக்கும், எந்தப் பொத்தானும் அவ்வளவு தராது. எங்கள் வயலின்காரர் கச்சேரி முறைப்படி ஜமுக்காளத்தில் உட்கார்ந்து வாசிப்பவர், செலோகாரர் சர்ச் பாடகர் குழுவில் பழகியவர், நாற்காலியில்தான் உட்காருவார். மானிட்டர் ஸ்பீக்கரை (வாசிப்பவர்கள் தாங்களே கேட்பதற்காக மேடையில் வைப்பது) செலோவுக்காகச் சாய்த்து வைத்தால் அது நேராக வயலின் மைக்குக்குள் போய் விழும். இரண்டு பேருக்கும் தனித்தனியாக, அந்தந்த மைக்கின் முதுகுப் பக்கம் வையுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் வாத்தியத்திலேயே கவ்விக்கொள்ளும் சிறிய மைக் வாங்க வேண்டியதுதான்.

### நின்றுவிட்டது

அப்படியானால் ஒலி உங்கள் எஃபெக்ட் வழியாக, அதாவது லேப்டாப்பில் மாற்றி விடும் ஒலி வழியாக, சுற்றி வருகிறது. டிலேயில் (ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திரும்ப விடும் எஃபெக்ட்) ஃபீட்பேக், அதாவது திரும்பிய ஒலியை மறுபடி உள்ளே விடும் அளவு, 100 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், வீட்டில் ஹெட்ஃபோனில் 95 வைத்தபோது அழகாக நீண்ட ஒலி, மண்டபத்தின் எதிரொலியும் சேரும்போது அங்கே நூறைத் தாண்டிவிடும். அடுத்து ரிவெர்ப், ஹாலில் ஒலிப்பது போன்ற கார்வையைச் சேர்க்கும் எஃபெக்ட். தகரக் கூரையும் மொசைக் தரையும் உள்ள ஹாலுக்கு நீங்கள் ரிவெர்ப் போடவே தேவையில்லை, ஹாலே போட்டுக் கொடுக்கும். பாதியாகக் குறையுங்கள், இல்லை எடுத்தே விடுங்கள். எஃபெக்ட் ஒலியை மட்டும் மூன்று முதல் ஐந்து ஹெர்ட்ஸ் தள்ளி அனுப்பும் ஃப்ரீக்வன்சி ஷிஃப்டர் ஒன்றை வழியில் வைத்தாலும் கத்தல் கட்டுக்குள் வரும், ஆனால் நீண்ட ஸ்வரங்களில் லேசான அலை தெரியும், அந்த இசைக்கு அது பொருந்துமா என்று காதால் கேட்டு முடிவு செய்யுங்கள்.

எப்போதும் ஒரே ஸ்வரத்தில்தான் கத்துகிறது என்றால் அது அந்த ஹாலின் ஸ்வரம். ஆல்வின் லூசியர் 1969-ல் தன் பேச்சை ஓர் அறையில் ஒலிக்கவிட்டுத் திரும்பத் திரும்பப் பதிவு செய்து, பேச்சு கரைந்து அறையின் அதிர்வு மட்டும் மிஞ்சும்வரை கொண்டுபோனார். நமக்கு நடப்பதும் அதேதான், சில நொடிகளில் நடந்துவிடுகிறது. அந்த ஸ்வரத்தை ஈக்வலைசரில் மூன்று நாலு டெசிபல் குறைத்தால் போதும், அதற்கு மேல் வெட்டினால் செலோ செலோவாகக் கேட்காது.

## டப், டிக் என்று வெடிக்கிறது

### யாராவது மேடையில் நடக்கும்போது மட்டும்

ஜமுக்காளத்துக்கு அடியில் ஒயர் இருக்கிறது. அழகாக இருக்கட்டும் என்று மேடை போட்டவர்கள் ஒயரை உள்ளே தள்ளி மேலே விரித்துவிடுவார்கள், அப்புறம் வருகிறவர் போகிறவர் எல்லாம் அதன் மேல் கால் வைப்பார்கள். ஒயரை வெளியே எடுத்து ஓரமாக டேப் ஒட்டுங்கள். முனையை மெதுவாக ஆட்டிப் பாருங்கள், ஆட்டும்போது வெடித்தால் உள்ளே ஈயம் விட்டிருக்கிறது. மாற்று ஒயர் போடுங்கள், பழுதானதில் ஒரு முடிச்சுப் போட்டுப் பையின் வேறு அறையில் வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஊரில் அதையே எடுத்து மாட்டுவீர்கள்.

### யாரும் அசையாமலே, எஃபெக்ட் கூடும்போது

இது லேப்டாப் மூச்சு வாங்குவது. வைஃபை, புளூடூத் இரண்டையும் அணையுங்கள். பேட்டரி சேமிப்பு முறையில் இருந்தால் மாற்றுங்கள், சார்ஜரைக் கழற்றியதும் பல லேப்டாப்புகள் தானாகவே அதற்குள் போய்விடும். இன்டர்ஃபேஸை யுஎஸ்பி ஹப்பில் மாட்டாமல் நேராக லேப்டாப்பில் மாட்டுங்கள். அப்புறம் பஃபர், அதாவது லேப்டாப் ஒரு தடவைக்கு எடுத்துக் கையாளும் ஒலித் துண்டின் அளவு: நொடிக்கு 48000 சாம்பிளில் 128 என்றால் 2.7 மில்லிசெகண்ட், 256 என்றால் 5.3, 512 என்றால் 10.7. வெடித்தால் ஒரு படி ஏற்றுங்கள், ஒரேயடியாக 1024 வைத்துவிட்டு அப்புறம் தாமதம் தாமதம் என்று புலம்ப வேண்டாம்.

### வாசிக்கத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து

சூடு. சித்திரை, வைகாசியில் நம் ஊர் ஹாலில் இது கட்டாயம் வரும். ஒரு பள்ளி விழாவில் ஒத்திகையில் எல்லாம் சுத்தமாக இருந்தது, கச்சேரியில் பன்னிரண்டாவது நிமிடம் ஒலி கிழிந்து கிழிந்து வந்தது. நடுவில் நிறுத்திவிட்டு லேப்டாப்பைத் தூக்கினேன், அடியில் கை வைக்க முடியவில்லை. ஒத்திகை முடிந்ததும் யாரோ ஆசையாக மேசையில் பளபளவென்று சாட்டின் துணி விரித்துவிட்டுப் போயிருந்தார்கள், காற்று போகிற ஓட்டை முழுக்க அந்தத் துணியில் அமுங்கிக் கிடந்தது. நாலு மூலையிலும் கட்டையோ தீப்பெட்டியோ வைத்துத் தூக்கி வையுங்கள், பக்கத்தில் ஒரு மேசை ஃபேன், அதன் காற்று மைக்கில் படாதபடி. இவ்வளவும் செய்தும் சூட்டில் திணறினால் உள்ளே தூசி அடைந்திருக்கும், சர்வீஸ் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றச் சொல்லுங்கள். புது லேப்டாப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு.

## லேப்டாப் ஒலி சுருதி சேரவில்லை

### முக்கால் கட்டை விலகி நிற்கிறது

சாம்பிள் ரேட், அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை துணுக்காக எடுக்கிறது என்ற எண். பதிவு 44100-ல், இன்டர்ஃபேஸ் 48000-த்தில் ஓடினால் ஒலி முக்கால் கட்டை ஏறி, வேகமாகவும் ஓடும். தலைகீழாக இருந்தால் இறங்கி இழுக்கும். முக்கால் கட்டை என்று காதில் பட்டாலே வேறு எதையும் தேட வேண்டாம், இரண்டையும் ஒன்றாக்குங்கள். வேறு ஒரு மென்பொருள், பாட்டுக் கேட்கிற செயலிகூட, பின்னால் திறந்திருந்து ரேட்டை மாற்றியிருக்கலாம்.

### கொஞ்சம்தான் விலகல், ஆனால் உறுத்துகிறது

மேடையில் 'ஏ' ஸ்வரத்தை 442 ஹெர்ட்ஸுக்கு வைத்துத் தந்தி கட்டியிருப்பார்கள், உங்கள் பதிவு 440-ல் இருக்கும். வாத்தியக்காரர்களை உங்களுக்காக மாறச் சொல்லாதீர்கள், நீங்கள் மாறுங்கள். எல்லாப் பதிவுகளையும் ஒரே எண்ணால் ஏற்றி இறக்கும் வசதி ஒன்றை முதலிலேயே பேட்சில் வைத்திருப்பது நல்லது.

### தொடக்கத்தில் சேர்ந்திருந்தது, போகப் போக விலகுகிறது

லேப்டாப் அப்படியேதான் இருக்கும், தந்திதான் நகர்கிறது. ஆனி ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கிற நாளில் தென்காசிப் பக்கம் வாசித்தால், வில்லின் மயிர் ஈரத்தில் தளர்ந்து தொங்கும், பிரடை ஊறி இறுகித் திரும்ப மறுக்கும். ஏசி அறையிலிருந்து நேராக மேடைக்கு வந்தாலும் இதே கதைதான். வாத்தியங்களை அரை மணி நேரமாவது பெட்டி திறந்தபடி அந்த ஹாலிலேயே வையுங்கள், படைப்புகளுக்கு நடுவே சுருதி சேர்க்க நேரம் விடுங்கள். வைகாசி வெயிலில் எதிர்ப்பக்கம்: மரம் காய்ந்து, வயலினின் ஓரத்தில் பிசின் விட்டு, ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தில் மட்டும் "கிர்ர்" என்று அதிரும். விரல் மடக்கி ஓரம் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள், பொத்தலான சத்தம் கேட்கும் இடத்தில் விட்டிருக்கிறது. கடையில் விற்கும் பசை போடக் கூடாது, வாத்தியம் பழுது பார்ப்பவரிடமே கொண்டுபோங்கள். உள்ளே நிற்கும் சின்னக் குச்சியான சவுண்ட் போஸ்ட் விழுந்திருந்தால் தந்திகளைத் தளர்த்தி, பெட்டியில் வைத்து, அதே ஆளிடம்.

## எஃபெக்ட் பின்னால் வருகிறது, சேர்ந்து வாசிக்க முடியவில்லை

ஸ்பீக்கர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? ஒலி ஒரு மீட்டர் போக மூன்று மில்லிசெகண்ட் ஆகும். ஆறு மீட்டர் தள்ளி நிற்கிற ஸ்பீக்கரில் உங்கள் ஒலியைக் கேட்டால் 17 மில்லிசெகண்ட் அங்கேயே போய்விட்டது, பஃபரைக் குறைத்து என்ன பயன். வாசிப்பவர் பக்கத்தில் சின்ன மானிட்டர் ஒன்று வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எங்காவது புளூடூத் ஸ்பீக்கரோ ஹெட்ஃபோனோ நுழைந்திருந்தால் எடுத்துவிடுங்கள், அதில் தாமதம் நூறு மில்லிசெகண்டையும் தாண்டிப் போகும்.

தாமதத்தை ஊகிக்காமல் அளந்து பாருங்கள். மைக் முன்னால் கைதட்டி, ஸ்பீக்கரில் திரும்பி வருவதையும் சேர்த்துப் போனில் பதிந்து, இரண்டு தட்டுக்கும் நடுவே எவ்வளவு என்று பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். 20 மில்லிசெகண்டுக்குள் என்றால் எங்கள் குழுவில் யாரும் முகம் சுளிப்பதில்லை.

கிளிக் (தாளத்தைக் காட்டும் "டிக் டிக்" ஒலி) கேட்டு வாசிக்கிற படைப்பு என்றால் ஒரு காதில் மட்டும், காதை நன்றாக அடைக்கிற இயர்ஃபோனில் கொடுங்கள். திறந்த ஹெட்ஃபோனிலிருந்து கிளிக் கசிந்து மைக்குக்குள் போய், நீங்கள் உறைய வைக்கிற ஒலியில் "டிக்" என்று உறைந்து நிற்கும்.

## பெடலை மிதித்தால் நகரவில்லை, இல்லை இரண்டு தாவுகிறது

தாளில் உள்ள அடுத்த எண்ணுக்கு லேப்டாப்பை நகர்த்த நான் மிதிக்கும் பெடல் இது. காலை எடுத்தால் வேலை செய்கிறது, மிதித்தால் செய்யவில்லை என்றால் துருவம் மாறியிருக்கிறது. கீபோர்டில் மாட்டிய பெடல் என்றால் அதை மாட்டியபின், காலை எடுத்த நிலையில், கீபோர்டை அணைத்துப் போடுங்கள், பல கீபோர்டுகள் ஆன் ஆகும்போதுதான் பெடலைப் பார்த்துக்கொள்ளும்.

இரண்டு தாவினால் உள்ளே தகடு துள்ளுகிறது. ஒருமுறை மிதித்தபின் 300 மில்லிசெகண்டுக்கு எதையும் ஏற்காதே என்று பேட்சில் எழுதிவிடுங்கள். அப்படியும் தாவினால் புதுப் பெடல், சரி செய்து ஓட்டுகிற பொருள் அல்ல அது. திரையில் தற்போதைய எண்ணைக் கையகலத்துக்குப் பெரிதாகக் காட்டுங்கள், பின்னால் போக ஒரு விசையும் இருக்கட்டும். என்ன சரிசெய்தாலும் கச்சேரி நடுவே ஒருநாள் ஓர் எண் தள்ளித்தான் நிற்பீர்கள், அப்போது இரண்டு விசையில் மீள முடிய வேண்டும்.

## மென்பொருள் ஸ்வரத்தைத் தவறாகப் பிடிக்கிறது

கேட்கும் ஸ்வரத்தை வைத்து அடுத்த எண்ணுக்குத் தானாக நகரும் முறை புதிதல்ல. பிலிப் மனூரி 1987-ல் குழலுக்கும் கணினிக்கும் எழுதிய "ஜுபிடர்" அப்படித்தான், பாரிஸின் இர்காம் கூடத்தில் மில்லர் பக்கெட்டின் மென்பொருளோடு உருவானது. ஆனால் நம் வயலின்காரர் காம்போதி ராகச் சாயலில் ஒரு ஸ்வரத்தைத் தொட்டால் அது நின்ற இடத்தில் நிற்காது, மேலும் கீழும் அசைந்துதான் வரும். மென்பொருள் அதை மூன்று ஸ்வரமாக எண்ணிக்கொண்டு ஓடிவிடும்.

எளியது முதல்: அந்த வாத்தியத்துக்கு நெருக்கமான மைக்கை மட்டும் கொடுங்கள், பக்கத்து வாத்தியம் கசிந்தால் எந்த மென்பொருளும் குழம்பும். ஒரு எட்டு ஸ்வரம் மேலோ கீழோ தாவினால் தேடும் எல்லையைச் சுருக்குங்கள். செலோவின் அடித் தந்தி 65 ஹெர்ட்ஸ், ஓர் அலைக்கே 15 மில்லிசெகண்ட், இரண்டு மூன்று அலை பார்த்தால்தான் ஸ்வரம் தெரியும், ஆகவே அங்கே தாமதம் இருந்தே தீரும், அது கோளாறு இல்லை. இப்படி ஸ்வரம் அசைகிற கமகம் உள்ள இடங்களில் நான் ஸ்வரத்தைப் பின்தொடர்வதை விட்டுவிட்டு, ஒலியின் அளவை மட்டும் பார்த்து, நகர்த்துவதைக் காலால் செய்கிறேன். கமகத்தைக் குறைத்து வாசிக்கச் சொல்லி ஒரு முறை கேட்டுவிட்டேன், அந்த ஒத்திகையின் பதிவைக் கேட்டபிறகு இனி கேட்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அந்த அசைவுக்காகத்தானே நம் வயலினை இந்த இசைக்குள் கொண்டு வருகிறோம்.

## வயலின் தகரம் தட்டின மாதிரி கேட்கிறது

ஒட்டும் பிக்கப்பை மைக் இன்புட்டில் நேராக மாட்டியிருப்பீர்கள். இன்டர்ஃபேஸில் கிட்டார் படமோ "இன்ஸ்ட்ருமென்ட்" என்றோ போட்ட பொத்தானை அழுத்துங்கள், பிக்கப்புக்கு ஒரு மெகாஓம் அளவிலான இன்புட் வேண்டும், இல்லாவிட்டால் அடி ஒலி முழுக்கப் போய்விடும். அப்புறம் ஒட்டிய இடத்தை மாற்றிப் பாருங்கள், குதிரையின் காலுக்குப் பக்கத்தில் அரை அங்குலம் நகர்த்தினால்கூட வேறு வாத்தியம்போல் கேட்கும். அடுத்தது ப்ரீஆம்ப், கடைசியாக நல்ல கண்டென்சர் மைக். எஃபெக்டுக்குப் பிக்கப், சபைக்கு மைக் என்று இரண்டும் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

## சத்தமே வரவில்லை

லேப்டாப்பில் ஒலி போகிற இடமாக இன்டர்ஃபேஸ் தேர்வாகியிருக்கிறதா, கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் போட்டிருக்கிறதா, மிக்சரில் அந்தச் சேனல் திறந்திருக்கிறதா. மூன்றும் சரி என்றால் இன்டர்ஃபேஸின் ஹெட்ஃபோனில் கேளுங்கள். அங்கே வந்தால் கோளாறு அண்ணாச்சி பக்கம், வராவிட்டால் உங்கள் பக்கம்.

## கரண்ட் போய் வந்தபின் எல்லாம் குழம்பிவிட்டது

கரண்ட் போன உடனே ஆம்ப்ளிஃபயரின் ஒலியை முழுக்க இறக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வரும்போது "டம்" என்று அடித்து ஸ்பீக்கர் போய்விடும். லேப்டாப் பேட்டரியில் ஓடும், ஆனால் தனி அடாப்டரில் ஓடுகிற இன்டர்ஃபேஸ் செத்துப் பிழைத்திருக்கும், மென்பொருள் அதைத் தொலைத்திருக்கும். யுஎஸ்பியிலேயே கரண்ட் எடுக்கும் இன்டர்ஃபேஸ் நம் ஊருக்கு ஏற்றது. இல்லையென்றால் ஒரு சின்ன யூபிஎஸ். மலிவான இன்வெர்ட்டரில் ஓட்டினால் கரகரப்பு வரும், சைன் வேவ் வகையாகக் கேட்டு வாங்குங்கள். பேட்ச் திறந்ததும் தானாகவே இன்டர்ஃபேஸைத் தேடி, நீங்கள் சொல்லும் எண்ணிலிருந்து தொடங்கும்படி வீட்டிலேயே அமைத்துவிடுங்கள், நாங்கள் ஒத்திகையில் வேண்டுமென்றே ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கிறோம்.

## மணி ஆகிவிட்டது, இன்னும் சரியாகவில்லை

எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு: தொடங்க வேண்டிய நேரத்திலிருந்து பத்து நிமிடம். அதற்குள் தீராவிட்டால் லேப்டாப் மூடப்படும். ஒவ்வொரு படைப்புக்கும் எலக்ட்ரானிக்ஸ் இல்லாமல் மூன்று பேரும் வாசிக்கக்கூடிய ஒரு வடிவத்தை எழுதியவரிடமே கேட்டு வாங்கித் தாளில் வைத்திருக்கிறோம். எல்லாப் படைப்புக்கும் அது முடியாது, முடியாதவற்றை அன்றைக்கு விட்டுவிடுவோம். மைக்கையும் எடுத்துவிட்டு, சபையை முன்வரிசைக்கு நகர்ந்து உட்காரச் சொல்லி, ஃபேன்களை மட்டும் ஐந்து நிமிடம் நிறுத்தக் கேட்போம். வள்ளியூரில் ஒருநாள் அப்படி வாசித்தபோது செலோவின் அடித் தந்தி மரத் தரை வழியாக என் காலுக்கே வந்தது.

அந்தத் தாள்கள் பையின் மேல் அறையில், 9 வோல்ட் பேட்டரிக்கும் டேப்புக்கும் பக்கத்தில் இருக்கட்டும். அவசரத்தில் தேட வேண்டியிராது.